குன்னூரில் 99 ஆண்டுக் குத்தகை நிலத்தில் உள்ள வீட்டை வாங்கலாமா?

கேத்தி ஆசிரியை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். இருவருமே ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டோம். இவ்வளவு காலமும் கேத்தியில் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று தேடியதில், குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு மேலே ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. ஒன்பது சென்ட் நிலம், கருங்கல் சுவர், தேக்கு உத்தரம், தகரக் கூரை. அருகில் உள்ள பட்டா வீடுகளின் விலையில் ஏறக்குறைய பாதிதான் கேட்கிறார்கள். காரணம் விசாரித்தபோதுதான் நிலம் குத்தகை நிலம் என்று தெரிந்தது. நம் ஊரில் மொத்தப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இரண்டு மூன்று ஆண்டு குடியிருப்பதையும் லீஸ் என்கிறோம். நான் கேட்பது அதைப் பற்றி அன்று.

நிலம் ஒரு தனியார் அறக்கட்டளைக்கு உரியது. 1951இல் அந்த அறக்கட்டளை ஒருவருக்கு 99 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விட, அவர் அதில் வீடு கட்டிக் குடியிருந்திருக்கிறார். அவருடைய மகனிடமிருந்து 1996இல் இப்போதைய விற்பனையாளர் வாங்கியிருக்கிறார். வீட்டு வரி அவர் பெயரில் இருக்கிறது, மின் இணைப்பும் அவர் பெயரில் இருக்கிறது. “குத்தகையை அவர்களே புதுப்பித்துக் கொடுத்துவிடுவார்கள், இத்தனை ஆண்டில் யாரையும் வெளியேற்றியதில்லை” என்று தரகர் சொல்கிறார். வீடு நம்முடையதாக இருப்பதால் நிலத்தையும் நீதிமன்றம் வழியாக நாமே விலைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சட்டம் இருக்கிறது என்றும் சொன்னார். இந்தச் சொற்களை நம்பலாமா? பணம் கொடுத்தால் உண்மையில் எங்களுக்குக் கிடைப்பது என்ன? எங்களுக்குப் பிறகு மகளுக்கு இது போகுமா? அடுத்த வாரம் முன்பணம் கேட்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

உதகை வழக்கறிஞர்:

வணக்கம் அம்மா. முன்பணத்தைச் சற்று நிறுத்தி வையுங்கள். நீங்கள் வாங்கப்போவது அந்த வீட்டையோ நிலத்தையோ முழு உரிமையுடன் அன்று; குத்தகையில் மீதமிருக்கும் ஆண்டுகளையும், அந்தக் குத்தகைப் பத்திரத்தில் எழுதியிருக்கும் நிபந்தனைகளையும் சேர்த்து வாங்குகிறீர்கள். 1951இலிருந்து 99 ஆண்டு என்றால் 2050 வாக்கில் முடியும். கால் நூற்றாண்டுகூட மீதமில்லை. ஆகவே, விலை பாதியா முக்காலா என்று யோசிப்பதற்கு முன்னால், மூலக் குத்தகைப் பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் படித்தாக வேண்டும். விற்பனையாளர் கையில் இருக்கும் ஜெராக்ஸ் போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட்டிருந்தால்தான் செல்லும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு. பத்திரம் பதிவாகவே இல்லை என்று தெரிந்தால், அதற்கு மேல் பேச வேண்டியதே இல்லை.

பத்திரத்தில் முதலில் தேட வேண்டியது உரிமை மாற்றம் பற்றிய நிபந்தனை. ஒப்பந்தத்தில் தடை ஏதும் இல்லாவிட்டால் குத்தகைதாரர் தம் உரிமையைப் பிறருக்கு மாற்றலாம் என்று 108ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால், அந்தக் காலத்து அறக்கட்டளைப் பத்திரங்கள் பெரும்பாலானவற்றில், “எழுத்து மூலமான சம்மதமின்றி மாற்றக் கூடாது, மாற்றினால் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்” என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியும் இருந்து, 1996இல் சம்மதமும் வாங்காமல் மாற்றியிருந்தார்கள் என்றால், குத்தகையைப் பறிமுதல் செய்யும் காரணம் அன்றைக்கே பிறந்துவிட்டது. மற்ற நிபந்தனைகளை மீறினால், தவற்றைச் சரிசெய்து கொள்ள அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும் என்று 114ஏ பிரிவு குத்தகைதாரருக்கு ஒரு பாதுகாப்பைத் தருகிறது. சம்மதமின்றி உரிமையை மாற்றக் கூடாது என்ற நிபந்தனைக்கு அந்தப் பாதுகாப்புப் பொருந்தாது என்று அதே பிரிவு தெளிவாகச் சொல்லிவிடுகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

நிலத்தை நீதிமன்றம் வழியாக வாங்கலாம் என்று தரகர் சொன்னது 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவை மனத்தில் வைத்து. அது சென்னைக்காக வந்த சட்டம். பிற ஊர்களுக்கு அரசு அறிவிக்கை வழியாக விரிந்தது. உங்கள் இடம் அதற்குள் வருகிறதா, உங்கள் குத்தகை அதற்கு உட்பட்டதா என்று பார்க்காமல், அந்த உரிமை இருப்பதாக எண்ணி ஒரு ரூபாய்கூட விலையில் கூட்டாதீர்கள்.

பத்திர நகல் வந்ததும் இங்கே எழுதுங்கள். அத்துடன் 1996க்குப் பிறகான குத்தகை ரசீதுகள் யார் பெயரில் போடப்பட்டிருக்கின்றன என்றும் பாருங்கள். அது மிகவும் முக்கியம்.

வெலிங்டன் பழையவர்:

வழக்கறிஞர் ஐயா சொன்னவற்றோடு ஒரு செய்தி. குன்னூர் முகவரி என்பதாலேயே நிலம் நகராட்சி எல்லைக்குள்தான் இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். வெலிங்டன் கண்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்புப் பகுதி) எல்லைக்குள் வரும் வீடுகளின் கதை முற்றிலும் வேறு. அங்கே நிலத்துக்கு ஆதாரம் ஜிஎல்ஆர் எனப்படும் பொது நிலப் பதிவேடு. அதில் ‘ஓல்ட் கிராண்ட்’ என்று இருந்தால் நிலம் மத்திய அரசுக்கு உரியது, கட்டடத்தில்தான் குடியிருப்பவருக்கு உரிமை. ஒரு மாத அறிவிப்புக் கொடுத்து, அனுமதி பெற்றுக் கட்டிய கட்டடத்துக்கு மட்டும் மதிப்புக் கொடுத்து அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ‘லீஸ்’ என்று இருந்தால், 1937ஆம் ஆண்டின் நில நிர்வாக விதிகளின்படி முப்பது முப்பது ஆண்டாகப் புதுப்பித்துத் தொண்ணூறு ஆண்டு வரை போகும் குத்தகைகள்தான் மிகுதி. அனுமதியில்லாமல் ஒரு அறை கூட்டிக் கட்டியிருந்தாலும் பெயர் மாற்றமும் புதுப்பித்தலும் நின்றுபோகும். எங்கள் குடும்பத்து வீட்டுக்கு வாரிசுப் பெயர் மாற்றம் கேட்டபோது, என் தந்தை கட்டிய ஒரு விறகுக் கொட்டகையை அளந்து எழுதிக்கொண்டு போனார்கள். அதை இடித்த பிறகே கோப்பு நகர்ந்தது. அம்மாவின் வீடு அறக்கட்டளை நிலம் என்பதால் இது பொருந்தாமல் போகலாம். ஆயினும் புல எண்ணை வைத்து எல்லையை உறுதி செய்துகொள்வது நல்லது.

பந்தலூர்க்காரர்:

இந்தத் திரியைப் படிக்கும் மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூடலூர், பந்தலூர் வட்டங்களில் ‘லீஸ் எஸ்டேட்டில் வீட்டு மனை’ என்று மலிவாக விற்க வருகிறார்கள். இங்கே பெரும்பகுதி நிலம் நிலம்பூர் கோவிலகம் என்ற பழைய அரச குடும்பத்தின் ஜென்ம நிலமாக, அதாவது பரம்பரை உரிமை நிலமாக இருந்து தோட்ட நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. 1969ஆம் ஆண்டின் ஜென்ம ஒழிப்புச் சட்டம் 1974இல் நடைமுறைக்கு வந்தபின், அந்தக் குத்தகைகள், தோட்டக் குத்தகைகளைப் பற்றிய 17ஆம் பிரிவில் அடைபட்டு, வழக்குக்கு மேல் வழக்காக நடந்து வருகின்றன. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை பற்றி 2007இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தந்த புகழ்பெற்ற தீர்ப்பும் எங்கள் ஊர் நிலத்திலிருந்து கிளம்பியதுதான். செக்‌ஷன் 17 நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு மின் இணைப்புக்கே ஆண்டுக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்த நிலத்தை வெள்ளைத்தாளில் எழுதி வாங்குபவருக்குக் குத்தகை உரிமைகூடக் கிடைப்பதில்லை. தயவுசெய்து பணத்தைப் போட வேண்டாம்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள் அம்மா. குத்தகை உரிமையின் மீது வங்கி கடன் கொடுக்கும். ஆனால், கடன் அடைந்து முடிந்த பிறகும் போதிய ஆண்டுகள் மீதமிருக்க வேண்டும், அடமானம் வைக்க நில உரிமையாளரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். பழைய மாற்றத்துக்குச் சம்மதக் கடிதம் இல்லாத கோப்பு, நான் பணியில் இருந்த காலத்தில், சட்ட ஆலோசகரின் மேசையைத் தாண்டியதில்லை. இன்று உங்களுக்குக் கடன் கிடைக்காத வீட்டைப் பத்து ஆண்டு கழித்து நீங்கள் விற்க முயலும்போது, உங்களிடம் வாங்க வருபவருக்கும் கிடைக்காது. ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே வாங்கக்கூடிய வீடாக அது சுருங்கிவிடும். குத்தகை நிலத்தில் ஆண்டு குறையக் குறைய மதிப்பும் குறைந்துகொண்டே வரும். கடைசிப் பதினைந்து ஆண்டில் வாங்க ஆளே வராது.

என் கருத்தைக் கேட்டால், பட்டா இல்லாத நிலத்தில் வாழ்நாள் சேமிப்பை வைக்கவே கூடாது. குன்னூரில் கிடைக்காவிட்டால் அருவங்காட்டிலோ எடப்பள்ளியிலோ சிறியதாகப் பாருங்கள்.

கேத்தி ஆசிரியை:

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நில அளவை வரைபடத்தைப் பார்த்துவிட்டோம். இடம் நகராட்சிக்குள்தான் இருக்கிறது. குத்தகைப் பத்திரத்தின் சான்றிட்ட நகலும் கைக்கு வந்துவிட்டது; 1951இலேயே பதிவாகியிருக்கிறது. வழக்கறிஞர் ஐயா சொன்ன வரி அப்படியே இருக்கிறது: “குத்தகைதாரர் இந்த இடத்தையோ இதன் எந்தப் பகுதியையோ அறக்கட்டளையின் முன் சம்மதத்தை எழுத்தில் பெறாமல் எவருக்கும் மாற்றவோ உள்குத்தகைக்கு விடவோ கூடாது.” மீறினால் நிலத்தில் நுழைந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று அடுத்த வரி. புதுப்பித்தல் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது: காலம் முடிவதற்கு ஆறு மாதத்துக்கு முன் குத்தகைதாரர் எழுத்தில் கேட்டால், “இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளின்படி” மேலும் முப்பது ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். தடுப்புச் சுவர்களைக் குத்தகைதாரரே பராமரிக்க வேண்டும் என்றும், காலம் முடியும்போது கட்டடத்தை நல்ல நிலையில் அப்படியே ஒப்படைக்க வேண்டும் என்றும் இருக்கிறது.

ரசீதுகளை விற்பனையாளர் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். ஆண்டுக்கு நூற்றிருபது ரூபாய். கடந்த ஆண்டு ரசீது வரை எல்லாமே 1951இல் குத்தகை எடுத்தவரின் மகன் பெயரில்தான் இருக்கின்றன. அவர் இறந்தே பல ஆண்டாகிறது. சம்மதக் கடிதம் எங்கே என்று கேட்டதற்கு, “அப்போது யாரும் கேட்கவில்லை” என்றார். நல்ல மனிதர்தான்; எதையும் மறைக்கவில்லை.

உதகை வழக்கறிஞர்:

அம்மா, நான் அஞ்சியது அந்த ரசீதுகளில் இருக்கிறது. நிபந்தனை மீறப்பட்டது தெரிந்த பிறகும் நில உரிமையாளர் வாடகை வாங்கினால், பறிமுதல் உரிமையை அவர் விட்டுக்கொடுத்ததாகும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 112ஆம் பிரிவு. ரசீது இப்போதைய உரிமையாளர் பெயரில் இருந்திருந்தால் அந்த வாதம் வலுவாக நின்றிருக்கும். இறந்தவர் பெயரிலேயே ரசீது போய்க்கொண்டிருப்பதால், “எங்களுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டோம்” என்று அறக்கட்டளை சொல்ல இடம் இருக்கிறது. வீட்டு வரியும் மின் கட்டணமும் அறக்கட்டளைக்கு அறிவிப்பு ஆகாது. அவை நிலத்தின் மீது உரிமையையும் தருவதில்லை.

புதுப்பித்தல் வாக்கியத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகள் என்றால், ஒப்புக்கொள்ளாவிட்டால் புதுப்பித்தல் இல்லை என்று பொருள். வாடகை இவ்வளவு என்றோ, அதை முடிவு செய்யும் முறை இன்னது என்றோ எழுதாத இத்தகைய வாக்கியத்தை நீதிமன்றத்தில் நிறைவேற்றிக்கொள்வது கடினம். கொடுத்தாலும் அது ஒரு முறைதான். என்றென்றைக்கும் புதுப்பிக்கும் உரிமையைப் பத்திரம் ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னாலொழிய நீதிமன்றங்கள் ஊகித்துக்கொள்வதில்லை. காலம் முடிந்த பிறகும் அறக்கட்டளை வாடகையை வாங்கிக்கொண்டிருந்தால் குடியிருப்புத் தொடரும். ஆனால் 116ஆம் பிரிவின்படி அது மாதக் குடியிருப்பாகிவிடும். 99 ஆண்டு இருந்த இடத்தைப் பதினைந்து நாள் அறிவிப்பில் கேட்க முடியும்.

கட்டடத்தைப் பற்றி: நிலத்தில் தாம் நிறுவியவற்றைக் குத்தகைதாரர் எடுத்துச் செல்லலாம் என்பது பொது விதி. உங்கள் பத்திரம் அப்படியே ஒப்படைக்கச் சொல்வதால் அந்த விதி இங்கே உதவாது. 2050இல் கருங்கல் சுவரும் தேக்கு உத்தரமும் ஈட்டுத் தொகை இல்லாமல் அறக்கட்டளைக்குப் போகும். மகளுக்கு இது போகுமா என்று கேட்டிருந்தீர்கள். குத்தகை உரிமை வாரிசுகளுக்கு இறங்கும், ஆனால் இறங்குவது மீதமிருக்கும் ஆண்டுகள் மட்டுமே.

தடுப்புச் சுவரையும் எளிதாக எண்ண வேண்டாம். 2009 நவம்பர் மழையில் கேத்தியும் குன்னூரும் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுவர் சரிந்து கீழ் வீட்டில் விழுந்தால் செலவும் வழக்கும் உங்களுடையவை. அதைத் திரும்பக் கட்ட நகராட்சியில் அனுமதி கேட்கும்போது நில உரிமையாளரின் கையெழுத்தும் கேட்பார்கள். பொறியாளரை அழைத்துச் சென்று சுவரின் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா, சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வங்கி ஊழியர் ஐயா வாங்கவே வேண்டாம் என்கிறார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். வாழும் காலம் வரை இருக்க ஓர் இடம் என்ற கணக்கில், மீதமுள்ள ஆண்டுகளுக்கான வாடகையைக் கூட்டிப் பார்த்து, அதைவிடக் குறைந்த விலையில் கிடைத்தால் குத்தகை வீடு பொருளற்ற முடிவு அன்று. ஆனால் பட்டா விலையில் பாதி என்பது இந்தக் கோப்புக்கு அதிகம். அதோடு, இன்று அறக்கட்டளையின் சம்மதம் இல்லாமல் வாங்கினால், 1996இல் நடந்ததையே நீங்களும் செய்தவராவீர்கள்.

கேத்தி ஆசிரியை:

அறக்கட்டளையிடம் நாங்கள் போய்க் கேட்டால், விற்பனையாளருக்கு இதனால் தொல்லை வந்துவிடாதா என்று என் கணவர் தயங்குகிறார். அறக்கட்டளைச் செயலாளரை எங்களுக்குத் தெரியும். வாய்மொழியாகக் கேட்டால், முப்பது ஆண்டுக்கு எழுதிக் கொடுப்பதில் தடையில்லை என்று சொல்லக்கூடும். அது போதுமா?

உதகை வழக்கறிஞர்:

உங்கள் கணவரின் தயக்கம் நியாயமானது. ஆகவே நீங்கள் போக வேண்டாம். விற்பனையாளரே தம் வழக்கறிஞர் வழியாகப் போகட்டும். 1996இல் நடந்த மாற்றத்தை ஏற்று ஒழுங்குபடுத்தவும், ரசீதைத் தம் பெயருக்கு மாற்றவும், உங்களுக்கு மாற்றச் சம்மதிக்கவும் அவர் கேட்பதுதான் முறை. இதற்கு அறக்கட்டளை ஒரு தொகை கேட்கலாம். அது விற்பனையாளரின் செலவு என்று பேசிவிடுங்கள்.

செயலாளரின் வாய்ச்சொல் போதாது. எழுதிக் கொடுத்தாலும், எழுதிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டா என்று அறக்கட்டளைப் பத்திரத்திலும் அறங்காவலர்களின் தீர்மானத்திலும் பார்க்க வேண்டும். தனியார் அறக்கட்டளையாக இருந்தால், 1882ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, அறக்கட்டளைப் பத்திரம் வேறு விதமாக அனுமதிக்காவிட்டால், 21 ஆண்டுக்கு மேல் குத்தகை விட முதன்மை உரிமையியல் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். முப்பது ஆண்டு என்று வாயால் சொல்வது எளிது. 1951இல் 99 ஆண்டுக்கு எந்த அதிகாரத்தில் விட்டார்கள் என்பதையும் அதே பத்திரத்தில் பார்த்துவிடலாம். கோயில் நிலமாக இருந்திருந்தால் இன்னும் கடினம். இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கே ஆணையரின் அனுமதி தேவை.

அறக்கட்டளை நிலத்தையே உங்களுக்கு விற்கச் சம்மதிக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு நூற்றிருபது ரூபாய் வரும் நிலத்தால் அவர்களுக்கும் பயன் குறைவு. குத்தகை உரிமையும் நில உரிமையும் ஒருவர் கையில் சேர்ந்துவிட்டால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 111ஆம் பிரிவின்படி குத்தகை முடிந்து, வீடு முழுமையாக உங்களுடையதாகிவிடும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

நிலத்தையும் சேர்த்துக் கிடைக்குமானால் என் மறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அது நடக்காமல் புதிய குத்தகைதான் என்றால் பதிவுச் செலவைக் கணக்கில் வையுங்கள்: முப்பது ஆண்டுக்குக் குறைந்த குத்தகைக்கு மொத்த வாடகை, முன்தொகை ஆகியவற்றின் மீது 1 விழுக்காடு முத்திரைத் தீர்வை, முப்பது முதல் 99 ஆண்டு வரை 4 விழுக்காடு. பழைய குத்தகை உரிமையை வாங்கும் மாற்றுப் பத்திரத்துக்குக் கிரயப் பத்திரத்தைப் போலவே தீர்வை உண்டு. தீர்வையை மிச்சப்படுத்தலாம் என்று பொது அதிகாரப் பத்திரத்தில் எழுதித் தரத் தரகர் முன்வந்தால் மறுத்துவிடுங்கள். அதிகாரப் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

கேத்தி ஆசிரியை:

விற்பனையாளரிடம் பேசிவிட்டோம். அறக்கட்டளைக்கு அவரே எழுதுவதாக ஒப்புக்கொண்டார். முன்பணத்தைப் பற்றி அதுவரை பேசுவதில்லை என்றும் முடிவாகியிருக்கிறது. அதற்கிடையில் தடுப்புச் சுவரைப் பார்க்க ஒரு பொறியாளரை வரச் சொல்லியிருக்கிறோம். சம்மதக் கடிதம் வந்தால் அதன் வாசகத்தை இங்கே இடுகிறேன். கையெழுத்திடும் முன் ஐயா ஒரு முறை பார்த்துச் சொன்னால் போதும்.

உதகை வழக்கறிஞர்:

பார்க்கிறேன் அம்மா. கடிதத்தில் 1996ஆம் ஆண்டு மாற்றுப் பத்திரத்தின் பதிவு எண்ணும், அதை அறிந்தே ஏற்பதாக ஒரு வாக்கியமும், உங்கள் இருவர் பெயரும், அறங்காவலர் தீர்மானத்தின் தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும். மாற்றுப் பத்திரத்தில் அறக்கட்டளையும் சம்மதிக்கும் தரப்பாகக் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. அதன் பிறகு வரும் முதல் ரசீதை உங்கள் பெயரில் கேட்டு வாங்குங்கள்.